உட்கார்ந்தபடி வியர்ப்பவர் தேவை

மார்கழி மாதம் காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஆய்வகத்துக்குள் பதினெட்டு டிகிரி இருக்கும். ஓசூருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் உயிரிப் பொறியியல் துறையில் கருவிகளும் பதிவேடுகளும் என் பொறுப்பு. வெப்பமானியைப் பார்த்து எழுதுவதுதான் தினமும் என் முதல் வேலை. ஒரு மார்கழியில், நான் எழுதிய பதினெட்டைப் பார்த்து ஒரு பெண் கண்கலங்கினாள்.

அவள் எங்கள் மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. சிங்காரப்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். உலைக்கு முன்னால் நின்று வேலை செய்பவர்களின் வியர்வையில் எவ்வளவு உப்பு வெளியேறுகிறது என்று காட்டும் ஒட்டுப்பட்டை ஒன்றைச் செய்திருந்தாள். தபால்தலை அளவு, பின்கழுத்தில் ஒட்ட வேண்டும். அதன் பூச்சு, செய்த நாளிலிருந்து பன்னிரண்டு நாள்தான் தாங்கும். பதின்மூன்றாம் நாள் மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. அதற்குள் ஒரே ஒரு ஆளிடமாவது பட்டை சரியாக அளப்பதைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு நீட்டிப்பு இல்லை. சோதனைக்கு ஆட்கள் கேட்டு இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரிக்கு எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

வியர்வைக்கா பஞ்சம் என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. முதல் மாதிரி என்பதால் பட்டையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் மேசைமேல் இருக்கும் கருவிக்குப் போகும். ஒட்டிக்கொண்டவர் பத்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே வியர்க்கவும் வேண்டும்.

"ஓடுனா வேர்க்கும்லா, அதுக்கென்ன?" என்றான் அவளுடன் படிக்கும் திருநெல்வேலிக்காரன். நான்கு மாடியை ஆறு முறை ஏறி இறங்கினான். வியர்த்தது. உட்கார்ந்து, கழுத்தைத் துடைத்து, பட்டையை ஒட்டி, கம்பியை மாட்டுவதற்குள் குளிர்காற்று அவனை உலர்த்திவிட்டது. அடுத்து இரண்டு கம்பளிகளைச் சுற்றி அவனை நாற்காலியில் உட்காரவைத்தோம். தூங்கிவிட்டான்.

"எங்கூர்ல சும்மா உக்காந்தாலே ஊத்தும். இதெல்லாம் ஒரு ஊரா, புள்ள?" என்றான் எழுந்ததும்.

"உங்கூர்ல ஊத்தட்டும். இங்க உனக்குக் குறட்டைதான் வருது" என்றாள் அவள்.

மின்சார ஹீட்டர் வைத்தோம். அதன் மின்சாரம் குறுக்கிட்டுக் கருவியின் எண்கள் ஆடின. மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து தின்னவைத்தோம். "மூக்குதான் வேர்க்குது. அதுல ஒட்டுதியா?" என்றான். எங்கள் பேராசிரியர் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் வரும் கன்னடக்காரர். மணிக்கொரு முறை கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுவார்.

"ஏனம்மா, ஆயித்தா?"

"இன்னும் ஆகல சார்."

ஏழாம் நாள் மாலை அவள் பட்டைகளை எண்ணினாள். நாற்பதில் இருபத்தெட்டு மிச்சம். "சார்கிட்ட முடியலன்னு சொல்லிடறேங்க்கா. மே மாசம் வெயில் வர்ற வரைக்கும் எனக்காக யாரு காத்திருப்பாங்க?" என்றாள்.

நான் என் கைப்பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து அவள் முன் விரித்தேன். எட்டு மாதமாக, பக்க ஓரத்தில் 'வெ' என்று எழுதி நேரம் குறித்துவந்திருந்தேன். யாரிடமும் காட்டியதில்லை.

"என்னாக்கா இது?"

"வெப்பம். திடீர்னு நெஞ்சுல இருந்து மேல ஏறும். கழுத்தெல்லாம் கொட்டும். உட்கார்ந்த இடத்துலயே. பெரும்பாலும் பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டுக்குள்ள. மாதவிடாய் நிக்கிற வயசு எனக்கு."

எதையும் பாதி சொல்லி விடுவது என் வழக்கமல்ல. பக்கத்து மேசையில் இருந்த திருநெல்வேலிக்காரன் ஒரு காலிக் குப்பியின் லேபிளை மிகக் கவனமாகப் படிக்கத் தொடங்கினான்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்க்கா வருது. அது கேஸ் அடுப்பத் திட்டிக்கிட்டு இருக்குது" என்றவள், சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

ஒப்புதல் படிவத்தை டைப் செய்தது நான்தான். வயது பதினெட்டு முதல் ஐம்பது வரை. எனக்கு நாற்பத்தொன்பது வருடம் ஏழு மாதம். கையெழுத்துப் போட்டேன்.

எட்டாம் நாள் பத்து நாற்பதுக்கே பட்டையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு. வரவில்லை. இருவரும் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி வரும்? கதவு திறந்தது. "ஆயித்தா?"

"சார், நீங்க கேட்டா வராது" என்றேன். மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் நேரம் வீணாக வேண்டாமென்று மடியில் பதிவேட்டை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று இருபத்தைந்துக்கு அந்தத் திருநெல்வேலிக்காரன் எழுதிய வரி கண்ணில் பட்டது. வெறும் '37'. அலகும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

"இது என்னடா முப்பத்தேழு? டிகிரியா, கிராமா, உன் வயசா?"

"அக்கா, அசையாதீங்க" என்று அவள் கிசுகிசுத்தாள். "எண்ணு ஏறுது."

"திட்டுங்கக்கா, நல்லாத் திட்டுங்க. வேணும்னா இன்னும் ரெண்டு பக்கம் தப்பா எழுதட்டா?" என்றான் அவன்.

கோபத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தன, அவ்வளவுதான். பட்டைக்குப் பக்கத்தில் வழிந்த வியர்வையைப் பஞ்சில் எடுத்து, உப்பை அளக்கும் பெரிய கருவியில் போட்டுப் பார்த்தாள். பட்டை சொன்னதும் கருவி சொன்னதும் ஏறக்குறைய ஒன்று. அவள் ஆய்வகத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தாள். அப்போதும் அவளுக்கு வியர்க்கவில்லை. பன்னிரண்டாம் நாளுக்குள் இன்னும் நான்கு முறை கிடைத்தது. ஒரு முறை பட்டை உரிந்துவிட்டது. மூன்று முறை சரியாக இருந்தது.

குழுவில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "ஒரே ஒரு ஆளா?"

"ஆமாங்க சார். இந்தக் குளிர்ல உட்கார்ந்தபடி வேர்க்கிறவங்க எனக்கு இவங்க ஒருத்தர்தான் கிடைச்சாங்க" என்று அவள் என்னைக் காட்டினாள். காரணத்தையும் தயங்காமல் விளக்கினாள்.

குழுவில் இருந்த ஒரே பெண்மணி அவளுடைய அறிக்கையால் விசிறிக்கொண்டே, "இன்னும் ஆள் வேணுமாம்மா?" என்று கேட்டார்.

ஆறு மாத நீட்டிப்பு கிடைத்தது. இன்னும் பலரிடம் சோதித்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அவள் புதிதாக நாற்பது பட்டைகள் செய்தாள். நான் ஒரு அறிவிப்பு டைப் செய்து பெண்கள் ஓய்வறையில் ஒட்டினேன். அடுத்த வாரம் அலுவலகம், விடுதி, நூலகம் என்று ஆறு பேர் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"எனக்கு எப்ப வரும்னு சொல்ல முடியாதும்மா. ராயக்கோட்டை பஸ் மாதிரி. காத்து நின்னா வராது, வந்தா மூணு சேர்ந்து வரும்" என்றார் விடுதிக் காப்பாளர். நூலகத்துக்காரர் தன் கணவர் மின்விசிறிக்காகப் போடும் சண்டையைத் தெலுங்கும் தமிழுமாக, கழுத்தை அசைக்காமல் குரலிலேயே நடித்துக் காட்டினார். அறை முழுக்கச் சிரிப்பு. முதல் எண் ஏறியது நூலகத்துக்காரருக்குத்தான்.

"ஏம்மா, ஜன்னலைத் திறயேன்" என்று அவர் சொல்ல, மற்ற ஐந்து பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவள் எழுந்து மூன்று ஜன்னல்களையும் திறந்தாள். உள்ளே பதினாறு டிகிரி. துப்பட்டாவைக் காதுவரை சுற்றிக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க, ஒவ்வொரு எண்ணையும் அலகோடு எழுதினாள்.