சிவப்பு மூடி டியூப்

மஞ்சுளா யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டாள். திருச்செங்கோட்டில் ஒரு சின்ன லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. மாதாமாதம் பார்த்துச் சிரித்துப் பேசுகிற ஆளாக இருந்தாலும், ஊசியைப் பிரிப்பதற்கு முன் "உங்க பேரைச் சொல்லுங்க" என்பாள். சொந்த மாமியாருக்கு எடுத்தபோதும் அப்படித்தான் கேட்டாள். "ஏன் அம்மிணி, என்ற பேரு உனக்குத் தெரியாதா? கலியாணப் பத்திரிகையில படிக்கலியா?" என்று அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேரை அவர் வாயால் சொல்லி, இவள் டியூபில் எழுதி, அதை அவர் கண்ணெதிரே காட்டிய பிறகுதான் நகர்ந்தாள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பேரில் போய்விட்டால் ஒரு குடும்பமே அழியலாம் என்ற பயம் அவளுக்கு.

ஊரும் அவளை நம்பவில்லை.

"ஒரு டியூப் போதாதா? மிச்சத்தை எங்க கொண்டு போய் விக்கறே?" என்பார்கள்.

"வித்திருந்தா இந்த ஓட்ட ஸ்கூட்டியை ஏனுங்க ஓட்டறேன்?" என்று சொல்லிக்கொண்டே முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டுவாள். விரலால் தடவி நரம்பைத் தேடுவாள். "கையை மூடுங்க போதும், மூடி மூடித் தெறக்காதீங்க. உப்பு தப்பாக் காட்டும்" என்பாள். முதலில் சிவப்பு மூடி டியூப், அதற்குப் பிறகுதான் ஊதா மூடி. ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து பூசியிருக்கும். அந்த மருந்திலேயே உப்பு இருப்பதால் அதைத் தொட்ட ஊசி சிவப்புக்குப் போகக் கூடாது. சிவப்பில் பிடித்த ரத்தம் தானாக உறையும். லேபில் அதை மிஷினில் சுற்றினால் மேலே தெளிவாக ஒரு நீர் நிற்கும். அந்த நீரில்தான் யூரியா, பொட்டாசியம் எல்லாம் பார்ப்பார்கள்.

அந்தச் சிவப்பு மூடிதான் கருப்பண்ணன் வீட்டில் இடியாக இறங்கியது.

கருப்பண்ணன் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். சிறுநீரகம் பழுதாகி ரொம்ப நாளாக மருந்தில் இருந்தார். மகன் குமரன் ரிக் லாரியோடு போய் மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். மருமகள் அகல்யாதான் மாமனாரையும் பார்த்துக்கொண்டு பண்ணையையும் பார்த்தாள். பொட்டாசியம் என்கிற உப்பு ஏறினால் இதயம் நின்றுவிடும், இளநீரைக் கண்ணில்கூடக் காட்டாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆனால் வீட்டைச் சுற்றித் தென்னை. கருப்பண்ணனின் மகள் பிரபா எடப்பாடியிலிருந்து வந்து இறங்கியதும் முதலில் பார்த்தது மரத்தடியில் கிடந்த இளநீர்க் கூடுகளைத்தான்.

"வேலைக்கு வந்த ஆளுக குடிச்சதுங்க நங்கையா" என்று நாத்தனாரிடம் சொன்னாள் அகல்யா.

பிரபாவின் பார்வை அகல்யாவின் முதுகை விட்டு அகலவில்லை.

மறுநாள் காலை மஞ்சுளா ரத்தம் எடுத்து முடித்ததும் பிரபா கையை நீட்டினாள். "அதை இங்க குடு. இந்த ஊட்டுல எனக்கு ஒருத்தர் மேலயும் நம்பிக்கை இல்ல. நடுவுல என்ன வேணாலும் மாத்திருவாங்க. நானே லேபுல குடுக்கறேன்."

எடுத்த ரத்தத்தை வெளியாள் கையில் கொடுக்கக் கூடாது. மஞ்சுளாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் இன்னும் நாலைந்து வீடு எதிர்த் திசையில் காத்திருந்தது. பிரபாவின் முகமும் பேச இடம் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. பொட்டாசியம் எங்கோ உச்சத்தில் இருந்தது. அலறி அடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள். ஈசிஜி நன்றாகத்தான் இருந்தது. டாக்டருக்கே அது பொருத்தமாகப் படவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார். கருப்பண்ணன் பிடிவாதமாக மறுத்தார். "அப்படின்னா காலையில முதல் வேலையா மறுபடி ரத்தம் எடுங்க" என்று டாக்டர் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பிரபா வெடித்தாள். "இளநி குடுத்தே எங்கப்பாவைக் கொல்லப் பாக்கறியா? அவரு கண்ணை மூடினா பண்ணை உன்ற கைக்கு வந்துரும்னா?"

அகல்யா மாமனாரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். கருப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கொண்டுவந்து வைத்த கஞ்சியை, தன் கையாலேயே மெதுவாக அப்பால் தள்ளினார். அந்த டம்ளர் நகர்ந்த சத்தத்தில் அகல்யாவின் உயிரே போய்விட்டது. பிரபா அதற்குள் தம்பிக்குப் போன் போட்டிருந்தாள். "நான் வர்ற வரைக்கும் உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு" என்று அகல்யாவிடம் சொன்னான் குமரன். ஏன், எதற்கு என்று அவன் மனைவியைக் கேட்கவேயில்லை.

செய்தி லேப் வழியாக மஞ்சுளாவுக்கும் வந்தது. முதலில் அவளும் அகல்யாவைத்தான் சந்தேகப்பட்டாள். அந்த இளநீர்க் கூடுகளை அவளும் பார்த்திருந்தாளே. பிறகு சந்தேகம் அவள் பக்கமே திரும்பியது. அவசரத்தில் ஊதா மூடியை முதலில் பிடித்துவிட்டேனா? சிவப்பை நிரப்பியது நினைவிருக்கிறது, ஆனால் அது இந்த வீட்டிலா, முந்தின வீட்டிலா?

காலையில் அவள் போனபோது வாசலில் ஒரு துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் அகல்யா அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"எடுக்கறதை எடுங்கக்கா. முடிவைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவேன்" என்றாள்.

மஞ்சுளா பேரைக் கேட்டாள். "கருப்பண்ணன்" என்றார் அவர், ஈனக் குரலில். சிவப்பு, பிறகு ஊதா. இந்த முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிரப்பினாள். பஞ்சை வைத்து அழுத்தி நிமிர்ந்தபோது, பிரபா ஒரு தெர்மோகோல் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றாள். உள்ளே முழுக்க ஐஸ் கட்டி.

"இதென்னங்கக்கா?"

"கோழிக்குஞ்சுக்குத் தடுப்பு மருந்து கொண்டுவார பெட்டி. டியூபைக் குடு, கெடாம கொண்டு போயிர்றேன்."

மஞ்சுளா டியூபைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள். "நேத்தும் இதுலதான் வெச்சீங்களா?"

"பின்ன? வெயில்ல கையிலயா புடிச்சுக்கிட்டுப் போவாங்க? மருந்துக் கடையில ஒரு வேலை இருந்துச்சு, அதை முடிச்சுட்டு மத்தியானம் கொண்டு போய்க் குடுத்தேன். நல்லாச் சில்லுன்னுதான் இருந்துச்சு."

பண்ணையில் பிறந்தவள் பிரபா. தடுப்பு மருந்து ஐஸ் இல்லாமல் தெருவைக்கூடத் தாண்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகியவள். அதையே அப்பாவின் ரத்தத்துக்கும் அக்கறையாகச் செய்திருக்கிறாள்.

"ரத்தம் மருந்து மாதிரி இல்லைங்கக்கா" என்றாள் மஞ்சுளா. "பிரிச்செடுக்கறதுக்கு முன்னால அத்தனை நேரம் ஐஸ்ல கெடந்தா, ரத்த அணுவுக்குள்ள இருக்கற உப்பு வெளிய கசிஞ்சுரும். மிஷின் அதையும் சேத்துத்தான் காட்டும். உங்க கையில குடுத்தது என்ற தப்பு."

"இவளைக் காப்பாத்த நீ கதை கட்டறியா? இவ உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. இப்ப நானே கொண்டு போறேன். நம்பிக்கை இல்லீன்னா பின்னாலயே வாங்க."

பிரபா வந்தாள். மஞ்சுளாவின் வண்டியை ஒட்டியே ஓட்டிக்கொண்டு வந்தாள். ரத்தம் உறைந்ததும் மிஷினில் சுற்றியதை, மேலே நீர் தெளிந்ததை, அதை வேறு டியூபுக்கு மாற்றியதை எல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று இமைக்காமல் பார்த்தாள். முடிவு வந்தது. பொட்டாசியம் அவருக்கு எப்போதும் இருக்கிற அளவில்தான் இருந்தது. டாக்டரும் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். பிரபா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்பாமல் இருக்க அதில் ஏதாவது கிடைக்காதா என்று தேடுவது போல இருந்தது.

இருவரும் வீடு திரும்பினார்கள். "எப்பவும் போலத்தான் இருக்குதுப்பா" என்று மட்டும் சொன்னாள் பிரபா.

கருப்பண்ணன் கண் கலங்கிவிட்டது. "அகல்யா... கஞ்சி இருக்குதா சாமி?"

அகல்யா கஞ்சி கொண்டுவந்தாள். நேராக அவரிடம் கொடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி தானே ஒரு வாய் குடித்தாள். "எனக்கு ஒண்ணும் ஆகலைங்க மாமா. இப்பக் குடிங்க" என்று நீட்டினாள். கிழவர் இரண்டு கைகளாலும் வாங்கி, மூச்சு விடாமல் குடித்து முடித்தார். கஞ்சியோடு கண்ணீரும் உள்ளே போயிற்று.

"அந்தப் பையை உள்ள வெய் அம்மிணி" என்றார்.

"மாட்டேனுங்க. போகச் சொன்னவங்களே இருக்கச் சொல்லட்டும்."

பிரபா போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ரிக் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"குமரா, அக்கா பேசறேன்டா. மெஷினை நிறுத்தச் சொல்லு. நான் சொல்றது உனக்கு நல்லாக் கேக்கோணும்" என்றாள். அதற்கு மேல் அவள் குரல் உடைந்துவிட்டது. அகல்யா பையின் கைப்பிடியை விடாமல், கேட்டுக்கொண்டு நின்றாள்.