சொந்த ஊர் கேட்ட செயலி

புதிய செயலிகள் மக்களிடம் என்னென்ன விவரம் கேட்கின்றன என்று பார்த்து அனுமதிப்பது, கொழும்பு வெள்ளவத்தை அலுவலகத்தில் என் வேலை. வாடகை அறை தேடும் செயலியில் 'சொந்த ஊர்' எதற்கு என்று கேட்டேன். அதைச் செய்த ரமணன், "சும்மா ஒரு தகவலுக்குத்தான் மச்சான்" என்றான். அவனும் வடக்கே எங்கள் கிளிநொச்சிக்காரன். நம்பி அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

கொழும்பில் வேலை கிடைத்த என் தங்கை அதிலேயே அறை தேடினாள். "அண்ணா, ஒரு ரூமும் இல்லையெண்டு காட்டுது." சொந்த ஊர் இடத்தில் கிளிநொச்சியை அழித்துவிட்டு, கொழும்புப் பக்கத்துக் கல்கிசை என்று போட்டுப் பார்த்தேன். ஒன்பது அறைகள் வந்தன.

ரமணனிடம் போய்க் கத்தினேன். அவன் நிமிரவேயில்லை. "வடக்கு ஆக்கள் வேண்டாமெண்டு வீட்டுக்காரர் கேட்டவை. நீயும் பார்த்துத்தானே கையெழுத்து வைச்சனீ?"

அவனை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆனால் அந்தப் படிவத்தைத் திறந்தால் என் கையெழுத்துத்தான் இருக்கிறது.