காவா தண்ணீர் இல்லையாம்

லோசெலியை எனக்குப் பிடிக்காது. நாங்கள் குடியேறியிருக்கும் மாங்கரேயில், எங்கள் டோங்கா தீவுக்காரர் எந்த வீட்டிலும் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்குத் துணையாக நோயாளிகள் நலச் சங்கம் அனுப்பும் ஆள் அவள். துணையாம்! வந்ததும் வராததுமாக நேரே அடுப்படிக்குப் போவாள். ஒருமுறை போதகரின் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்பங்கிழங்கு இலையைக் குப்பையில் கொட்டினாள். சிறுநீரகத்துக்கு ஆகாதாம்.

என் கணவர் கெலெபியின் மெஷின் முன்னறையில் இருக்கிறது. அவருக்குச் சிறுநீர் பிரிவது நின்றுவிட்டதால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். நான் டம்ளரில் அளந்துதான் கொடுத்தேன். அப்படியும் சனிக்கிழமை விடிந்தால் கால் வீங்கி மூச்சு வாங்கும். நான்தான் சூப் ஊற்றிக் கெடுக்கிறேன் என்று லோசெலி என்மேல் பழி போட்டாள். இப்படியே போனால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், ஆஸ்பத்திரிக்கு அலைந்தே அவர் வேலை போய்விடும், அதற்கு முன்னால் ஆளே போனாலும் போகலாம் என்றாள். பிறகு அவரைக் குடைந்தாள்.

"வெள்ளிக்கிழமை என்ன குடிச்சே?"

"ஒண்ணும் குடிக்கல. காவாவுக்குப் போனேன், அவ்வளவுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்த காவாவை வெள்ளிதோறும் கூடிக் குடிப்பது எங்கள் ஆண்களுக்குக் குடிப்பதில் சேராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீட்டும் சிரட்டையை மறுத்தால் கூடியிருக்கும் எல்லோருக்கும் அவமானம். எனக்கும் அதைக் கணக்கில் சேர்க்கத் தோன்றியதே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவர் ஹாலாஃபிஹியின் கார் ஷெட்டில் ஆண்கள் கூடியிருந்தபோது லோசெலி உள்ளே நுழைந்தாள். காவா கலக்கிக் கொடுக்கும் கல்யாணமாகாத பெண்ணைத் தவிர வேறு பெண் அங்கே உட்காரக் கூடாது. இவளோ கிழடு தட்டிய விதவை. அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டுத் தானே கிண்ணத்தின் முன் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே வந்த நான் வாசலோடு நின்றுவிட்டேன். கெலெபியின் முறை வரும்போதெல்லாம் அவருடைய சிரட்டையை ஒரு வாளியில் கவிழ்த்தாள். கடைசியில் வாளியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"இத்தனையும் உன் நெஞ்சுலதான் நிக்குது. இது தண்ணி இல்லையா?"

கெலெபியின் முகம் கறுத்தது. "மெஷினத் தூக்கிட்டுப் போயிரு. இனிமே என் வாசப்படிய மிதிக்காத."

"தூக்கிட்டுப் போறேன். உன்னச் சுத்துறதுக்குப் பாய் எடுத்து வைக்கச் சொல்லு."

நாங்கள் பிணத்தைத்தான் பாயில் சுற்றுவோம். அவளை அறைய வேண்டும்போல இருந்தது எனக்கு, அழுகையும் வந்தது. ஆண்கள் அவளை வெளியே தள்ள எழுந்தார்கள். ஹாலாஃபிஹி கையை உயர்த்தி அவர்களை உட்கார வைத்தார். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. வழக்கம்போலக் கெலெபியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

லோசெலி காலிச் சிரட்டையை நீட்டினாள். கெலெபி வாளியைக் கீழே இறக்கிவிட்டு, காவா வாங்கும் முறைப்படி கையைத் தட்டி அதை வாங்கினார். அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடிப்பவர் மாதிரி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாலாஃபிஹி அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்.