எக்ஸ்ரேகாரர் மாற்றிய எஞ்சின்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் எக்ஸ்ரேகாரர் என்றால்தான் தெரியும். அவருடைய பழைய குட்டிக் காருக்கு எஞ்சின் பின்பக்கம். அது ஒருநாள் ஒரேயடியாக ஓய்ந்துவிட்டது. உதிரிபாகமோ குதிரைக்கொம்பு. வேறொரு கம்பெனி எஞ்சினை வாங்கிவந்து, வெல்டரான மைத்துனரைக் கூட வைத்துக்கொண்டு பொருத்த ஆரம்பித்தார்.

மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். தையல் மெஷின் படுக்கையறையை அடைத்துக்கொண்டிருந்தது. வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டுத்தான் படுக்க வேண்டும். கார் ஷெட் தனக்கு வேண்டும் என்றார். மழைக்காலத்துக்குள் கார் தானாக நகராவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும் என்றும் சொல்லிவைத்தார்.

எக்ஸ்ரேகாரரை மேதை என்று சொல்வதற்கில்லை. அளப்பதில் சலிக்காதவர், அவ்வளவுதான். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வைக்கும் தகட்டை, மயிரிழை பிசகியதற்காகத் திரும்பத் திரும்ப லேத்தில் கடைய வைத்தார். மைத்துனர் முணுமுணுத்தாலும் வராமல் இருந்ததில்லை.

வானம் இருட்டத் தொடங்கிய நாளில் இரும்புக்காரரும் வந்து வாசலில் நின்றார். எஞ்சின் ஒரே தட்டில் உயிர் பெற்றது. எக்ஸ்ரேகாரர் முதல் கியரைப் போட்டுத் தெருவை நோக்கிக் கிளப்பினார். கார் கம்பீரமாகப் பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

எல்லாவற்றையும் அளந்தவர், புது எஞ்சின் எந்தப் பக்கமாகச் சுழலும் என்று பார்க்கவில்லை. அது பழையதற்கு நேர் எதிராகச் சுழன்றது. காலமெல்லாம் படத்தின் மூலையில் இடது, வலது என்று குறித்தே பிழைத்த மனிதர்.

"நாலு ரிவர்ஸ் கியர், மாமா. யாருக்கு வாய்க்கும்?" என்றார் மைத்துனர்.

எக்ஸ்ரேகாரர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். கார் முன்னால் ஊர்ந்து ஷெட்டைவிட்டு வெளியே வந்து நின்றது. இறங்காமல், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இரும்புக்காரர் கயிற்றை எடுத்தார்.

மனைவி அவரைக் கையமர்த்தினார். "தானா நகரணும்னுதான் சொன்னேன். நகர்ந்துடுச்சு. நீங்க போயிட்டு வாங்க." பிறகு கார் ஜன்னலருகே குனிந்தார். "துணியை உள்வெளி மாத்தித் தச்சுட்டா தூக்கியா போடறோம்? பிரிச்சுத்தான் தைக்கிறோம். கியர்பாக்ஸைப் பிரிங்க. ஆனா ஒண்ணு, வெளியிலயே வெச்சுப் பிரிங்க."

மைத்துனர் தார்ப்பாய் தேடிப் போனார். எக்ஸ்ரேகாரர் கையைத் துடைத்துக்கொண்டு, தையல் மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்க வீட்டுக்குள் நடந்தார்.