என்னைப் பேசிய அயலவர்

கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வெளியே, நிலக்கரி தோண்டிய காலத்தில் கழிவாகக் கொட்டப்பட்ட கருங்கற்களால் ஆகிய மேடு ஒன்று உண்டு. அதன் சரிவில் படிபடியாகத் தோட்டக் காணிகள் வகுத்து ஒரு சங்கம் குத்தகைக்குக் கொடுக்கிறது. கீழ்க் காணிகளுக்குப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, உச்சியில் இருந்த காணியை மட்டும் நாங்கள் கேட்டவுடனேயே தந்துவிட்டார்கள். இலகுவில் கிடைக்கும் எதனையும் நான் நம்புபவன் அல்லன். ஒப்பமிடுவதற்கு முன்னர் அந்நிலத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தேன். குறை புலப்படவில்லை. அது கோடையில் புலப்பட்டது.

அங்கே மண் என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. இருந்தது கரிய சில்லுக்கல். வெயில் ஏறினால் அது அடுப்புக்கல்லாய்க் கொதிக்கும். பெய்யும் மழை, சாய்த்துப் பிடித்த தட்டில் ஊற்றியதைப்போல் கீழே ஓடிவிடும். எஞ்சிய ஈரத்தை மேல்காற்று உறிஞ்சிக்கொள்ளும். ஜேர்மனியில் பாலைவனம் இல்லை என்று எழுதியவர்கள் அந்த மேட்டில் ஏறிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆயினும் என் மனைவி பின்வாங்கவில்லை. பல்லாண்டுகள் அலுவலகத் தரைகளைத் துடைத்து ஓய்வு பெற்றவர் அவர். துடைத்தால் மினுங்கும் தரையைப் பார்த்தது போதும், கொத்தினால் முளைக்கும் தரை ஒன்று வேண்டும் என்பது அவருடைய வாதம். பிறர் கழித்த கதவுகளையும் பலகைகளையும் கைவண்டியில் ஏற்றி, மாறி மாறித் தள்ளிச் சென்று, சங்கம் அனுமதித்த அளவுக்குள் ஒரு கொட்டில் எழுப்பினோம். இலையுதிர் காலத்தில் தெருவோரச் சருகுகளைச் சாக்குகளில் கட்டிவந்து, புகையிலைத் தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பதுபோல் நீளக் கிடங்குகள் வெட்டிப் புதைத்தோம். இந்நாட்டவர் பலகைப் பெட்டிகளில் மண்ணை உயர்த்தி நடுவார்கள். நாங்கள் பாத்திகளைப் பள்ளமாக அமைத்தோம். காய்ந்த நிலத்தில் நீர் தங்கவேண்டிய இடம் கீழேயன்றி மேலே அல்ல.

நிற்க. நீர் இருந்தாலன்றோ தங்கும்? குழாய் மேட்டின் அடியில் இருந்தது. கொட்டிலின் கூரைநீரைச் சேர்த்த பீப்பாய் வேனிலின் தொடக்கத்திலேயே வற்றிவிடும். நான் கட்டட வேலையில் இருக்க, மனைவி பிளாஸ்டிக் கான்களில் நீர் நிரப்பிச் சரிவேறுவார். அவருடைய முழங்காலைப் பார்த்த மருத்துவர் இதனை நிறுத்தும்படி கண்டிப்பாகச் சொன்னார். எனவே அவ்வாண்டு கோடைக்குள் மேலே குழாய் வராவிட்டால் காணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவைச் சொன்னபோது அவர் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சங்கத்திடம் ஏற்கெனவே கேட்டிருந்தோம். தம் காணியின் ஊடாகக் கிடங்கு வெட்டக் கீழே உள்ள எவரும் இசையமாட்டார்கள் என்பது அவர்களுடைய பதில்.

எமக்கு நேர் கீழே குழாயடிவரை இறங்கும் காணி, தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியியலாளர் ஒருவருடையது. கணினித் துறை, நாற்பதை எட்டாத வயது. மனிதர் எந்நேரமும் சிரிப்பார். நல்ல உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்கு இக்கல்மேட்டில் என்ன வேலை என்று நான் யோசித்ததுண்டு. எம்முடைய பள்ளப் பாத்திகளை அவர் கைபேசியில் படம் பிடிப்பதைக் கண்டேன். பின்னொரு நாள், எல்லைக் கட்டைக்கு அருகே அளவு நாடாவை இழுத்துக்கொண்டு நின்றார். வேலிக் கதியாலை ஆண்டுக்கு ஒரு விரல் நகர்த்தி அயலாரின் காணியை விழுங்கிய வழக்குகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் பகுதியில் சட்டத்தரணிகள் மாடிவீடு கட்டியது அந்த விரலகலங்களில்தான். ஆகவே கீழெல்லை நெடுகக் கல் அடுக்கி ஒரு மதில் கட்டினேன். காற்றுக்காக என்று மனைவியிடம் சொன்னேன். காற்று மேற்கிலிருந்து வருவது. மதில் கிழக்கே இருந்தது.

ஒரு பின்னேரம் கொட்டிலின் கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். கான்களோடு ஏறிவந்த மனைவியை அந்தப் பொறியியலாளர் வழியில் மறித்து ஏதோ சொல்லிவிட்டு, ரயிலைப் பிடிக்க ஓடுவது தெரிந்தது. மனைவி மேலே வந்து கானை வைத்தார்.

“இஞ்சாருங்கோ, அந்தத் தம்பி உங்களைச் சங்கக் கூட்டத்திலை பேசினவராம்.”

“என்னையோ? என்னெண்டு பேசினவராம்?”

“காத்திலை வடிவாக் கேக்கேல்லை. நல்லாப் பேசினவராம். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்.”

எங்கள் வழக்கில் ஒருவரைப் பேசுவதென்றால் ஏசுவது. உரையாடுவதைக் கதைப்பது என்போம். சபை நடுவே என்னை ஏசியதுமல்லாமல், அதனை என் மனைவியிடமே சிரித்தபடி அறிவித்துச் சென்றிருக்கிறாரே என்று உள்ளம் கொதித்தது. மதிலை இன்னும் ஓர் அடுக்கு உயர்த்தினேன். அதன்பின் அவர் மதிலருகே வந்து, சனிக்கிழமை என்று ஏதோ சொல்லத் தொடங்கும்போதெல்லாம் நான் கொட்டிலுக்குள் போய்விடுவேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நாங்கள் மேலே சென்றபோது, அவருடைய தக்காளிச் செடிகளின் நடுவே ஒரு கிடங்கு நேராக வெட்டப்பட்டு என் மதிலடியில் வந்து நின்றது. அங்கிருந்து ஒரு சிவப்புக் கயிறு மதிலைத் தாண்டி என் பாத்திவரை இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அவர் மண்வெட்டியுடன் கிடங்கில் நின்றார்.

“என்ன தம்பி, இனி என்ரை காணிக்குள்ளையும் வெட்டப் போறீரோ?”

“ஆமா அங்கிள். இந்த இடத்துல கொஞ்சம் கல்ல எடுத்துட்டாப் போதும்.”

எல்லையைக் களவாக நகர்த்துபவர்களை அறிவேன். அனுமதி கேட்டு நகர்த்துபவரை அன்றுதான் கண்டேன்.

“சபையிலை என்னைப் பேசினது காணாதோ?”

“பேசினதாலதான் அங்கிள் வேலை இவ்வளவு தூரம் வந்திருக்கு. நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க. அதான் நான் பேசினேன்.”

“நான் என்ன பிழை செய்தனான் எண்டு பேசினனீர்?”

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். “பிழையா? தண்ணிக்காகப் பேசினேன் அங்கிள். பைப் என் தோட்டம் வழியாப் போகட்டும்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. ஆன்ட்டிகிட்ட அன்னைக்கே சொன்னேனே, அங்கிளுக்காகப் பேசிட்டேன்னு.”

எனக்குப் பின்னால் மனைவி சிரிக்கத் தொடங்கினார். “அவர் கதைச்சவர் அப்பா. பேசேல்லை, கதைச்சவர்.”

“ரெண்டும் ஒண்ணுதானே ஆன்ட்டி?”

“உங்களுக்கு ஒண்டு. இவருக்கு அதிலை ஒரு மதில் எழும்பீட்டுது.”

தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் அச்சொல்லை அவர்களுடைய பொருளில் எத்தனையோ தடவை கேட்டவன்தான் நான். தன்னைப் பற்றிய செய்தி வரும்போது மனிதன் அதைத் தன் ஊர்ப் பாஷையிலேயே கேட்டுக்கொள்கிறான்.

அளவு நாடா எதற்கு என்று கேட்டேன். குழாயின் நீளத்துக்கு என்றார். படங்கள்? காய்ந்த பாத்திகளைச் சங்கத்தாருக்குக் காட்டுவதற்கு. எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. அதுவே எனக்கு உறுத்தியது.

“உமக்கு இதிலை என்ன?”

“ஆன்ட்டி கேனைத் தூக்கிட்டு ஏறும்போது நான் கீழ நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன் அங்கிள். உக்கார முடியல.”

எழுத்தில் அனுமதி வரட்டும், பிறகு யோசிக்கலாம் என்றேன். அவர் முதன்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார். குழாய் பொருத்துபவர் வர அன்று மதியம் தெர்மின் குறித்தாயிற்று என்றும், அதைத் தவறவிட்டால் அடுத்தது கோடை கழிந்த பின்னரே என்றும் சொன்னார்.

மனைவி கொட்டிலுக்குள் சென்று கல் நெம்பும் அலவாங்குடன் வந்தார்.

“கல்லை நான் எடுக்கிறன். நீங்கள் பேந்து ஆறுதலாச் சந்தேகப்படுங்கோ.”

மேற்கற்கள் எளிதில் வந்தன. அடிக்கல்லுக்குக் குனிந்தபோது முழங்கால் மடியவில்லை. ஒரு கையால் மதிலைப் பற்றிக்கொண்டு, மறுகையால் அலவாங்கைக் கல்லின் தவறான பக்கத்தில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். அக்கல் எப்பக்கம் அசையும் என்பது வைத்தவனுக்கே தெரியும். நான் அவர் கையிலிருந்து அலவாங்கை வாங்கினேன். கீழிருந்து பொறியியலாளர் கல்லைத் தாங்கிக்கொண்டார்.

பிற்பகலில் குழாய் முதலில் காற்றைக் கக்கியது, பின் துருநிறத்தில் துப்பியது, அதன்பின் தெளிந்தது. மனைவி அதனை வெங்காயப் பாத்திக்குத் திருப்பிவிட்டு, பள்ளத்தில் நீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காணியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அதன்பின் எவரும் கதைக்கவில்லை.

குழாய்க் கிடங்கை மண்ணிட்டு மூடியாயிற்று, இனி மதிலையும் அடைத்துவிடலாம் என்று மறுகிழமை சொன்னேன். மனைவி இசையவில்லை. வெண்டிக்காய் கொடுக்கவும் கறிவேப்பிலைக் கன்று வாங்கவும் அவ்வழி வசதியாக இருக்கிறதாம். பொறியியலாளர் இப்போது அதன் ஊடாகவே ஏறி வருகிறார். நான் உட்காரும் கதிரையை அந்த இடைவெளி தெரியும்படி திருப்பிப் போட்டிருக்கிறேன்.