ஏற்றத்துக்குப் போட்ட என்ஜின்

மாணிக்கண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கராஜில் ஒரு வேனின் அடியில் படுத்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கையெல்லாம் ஒயில். தொலைபேசி மூன்றாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தேன். அவருடைய மகள் சுகந்தி. “மாமா, அப்பா காலையில எறந்துட்டாங்க” என்றாள். அவள் அழவில்லை. பக்கவாதம் வந்து நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அவருக்கு நினைவு திரும்பவில்லை. நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்திருந்த செய்திதான். “சரிம்மா, வர்றேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் வேனின் அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டேன். வேலை எதுவும் செய்யவில்லை. வெளியே வர மனம் இல்லை.

கருமாதியன்று கொடுக்கும் நினைவு மலரில் நான் ஏதாவது எழுத வேண்டும் என்று சுகந்தி கேட்டாள். இராஜமாணிக்கம் என்ற முழுப் பெயரை மரண அறிவித்தலில் பார்த்துத்தான் உங்களில் பலர் தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஆனால் மாணிக்கண்ணனின் வெள்ளைக் காரில் ஏறாதவர்கள் நம் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் குறைவு. அவருடைய நல்ல குணங்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதாமல் மற்றவற்றை மட்டும் எழுதினால் அது அஞ்சலி ஆகாது.

இருபது வருஷத்துக்கு மேல் அவர் வாடகைக் கார் ஓட்டினார். எண்ணூறு சீசீ என்ஜின் வைத்த சின்னக் கார். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருக்கும் வேளையில் யாருக்காவது முடியாமல் போனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோதும் அவர்தான் வந்தார். லிந்துலையிலிருந்து நுவரெலியா வரைக்கும் பலாக்காயை எப்படி வெட்டினால் கையில் பால் ஒட்டாது என்று பேசிக்கொண்டே போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதுதான் பார்த்தேன், அந்தக் குளிரிலும் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பிறகு ஒரு நாள் கேட்டேன். “பேச்சு நின்னா உள்ள இருக்கிறவங்களுக்குப் பயம் வந்துரும் தம்பி. எனக்கும் வந்துரும்” என்றார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது. மூன்று பேருக்குக் கடுமையாகக் கொட்டியிருந்தது. மாணிக்கண்ணன் மூவரையும் ஏற்றிக்கொண்டு லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருவரை வைத்துக்கொண்டார்கள். சரஸ்வதி என்ற மூன்றாவது பெண்ணை உடனே நுவரெலியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கிருந்த அம்புலன்ஸ் வேறு நோயாளியோடு போயிருந்தது. சரஸ்வதியோடு அவருடைய உறவுக்காரர்கள் மூன்று பேரும் காரில் ஏறினார்கள். வழியிலுள்ள நானுஓயா ஏற்றத்தில் கார் முதலாம் கியருக்கு வந்து, அதிலும் திணறியது. உறவுக்காரர்கள் இறங்கிக் கொஞ்ச தூரம் காரோடு சேர்ந்து நடந்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே சரஸ்வதி இறந்துவிட்டார். தாமதத்தால் இறந்தார் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. மாணிக்கண்ணன்தான் அப்படி முடிவு செய்துகொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கராஜுக்கு வந்தார். “தம்பி, இந்தக் காருக்கு டர்போ என்ஜின் போட முடியுமா?” என்று கேட்டார்.

“போடலாம்ண்ணே. ஆனா சரிப்பட்டு வராது” என்றேன். டர்போ என்றால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் பொறி. சின்ன என்ஜினும் பெரிய என்ஜின் மாதிரி இழுக்கும். அந்த இழுவைக்கு ஏற்ற கியர்பெட்டி வேண்டும், ரேடியேட்டர் வேண்டும், வயரிங் முழுவதும் மாற வேண்டும். வாகனப் புத்தகத்தில் என்ஜின் நம்பரை மாற்றி எழுத வேண்டும். இன்சூரன்ஸுக்கு அறிவிக்க வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நடந்து வந்தவங்க எங்க வண்டிய முந்திக்கிட்டுப் போனாங்க தம்பி. உள்ள ஒரு உசிரு கெடக்கு, வெளிய நடக்கிறவன் முந்துறான். நான் ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அதற்குப் பிறகு நான் மறுக்கவில்லை. அவருக்காக இரங்கித்தான் ஒப்புக்கொண்டேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. அப்படி ஒரு வேலையைச் செய்து பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவரும் கார்களின் முன்பாதி ஒன்று கண்டியில் கிடைத்தது. டர்போ என்ஜினும் கியர்பெட்டியும் அப்படியே இருந்தன. இரண்டு மாதம் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அதிலேயே கிடந்தேன். முதல் தடவை நானுஓயா ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது மூன்றாம் கியரில் ஏறியது. முன்னால் போன பஸ்ஸை முந்தினேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

திரும்பி இறங்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பழைய என்ஜின் இரண்டாம் கியரில் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டே இறக்கும். புதிய என்ஜினும் கியர்பெட்டியும் அப்படிப் பிடிக்கவில்லை. வண்டி கையை மீறி ஓடப் பார்த்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியிருந்தது. அந்தப் பிரேக்கோ பழைய எண்ணூறு சீசீக்காகச் செய்தது. பெரிய பிரேக் டிஸ்க் கொழும்பிலிருந்து அடுத்த வாரம் வருவதாக இருந்தது. வந்ததும் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். இறக்கத்தில் கண்டதை மாணிக்கண்ணனிடம் சொல்லவில்லை. ஏறிய கதையை மட்டும் சொன்னேன்.

டிஸ்க் வருவதற்கு முன்பே குளவி மறுபடியும் கொட்டியது. இந்த முறை பார்வதி. கணேசனின் மனைவி, உங்களில் பலருக்குத் தெரியும். கணேசன் அழைத்ததும் மாணிக்கண்ணன் கராஜுக்கு ஓடி வந்தார். “தம்பி, சாவி” என்றார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். “பாத்துப் போங்கண்ணே” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பார்வதி பிழைத்துக்கொண்டார். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டொக்டர் சொன்னாராம். அன்று மாலை மாணிக்கண்ணன் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “வீண் போகல தம்பி. இந்த ஒண்ணுக்கே போதும்” என்றார். கார் அப்போது கராஜ் வாசலில் நின்றது. சாவியைத் திருப்பி வாங்க வேண்டிய நேரம் அதுதான். “பார்வதிய வீட்டுல கொண்டாந்து விட்டதுக்கப்புறம் வண்டிய ஒங்கிட்ட விட்டுர்றேன்” என்றார். “சரிண்ணே” என்றேன்.

மூன்றாம் நாள் காலை பார்வதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். கணேசன் முன்னால் உட்கார்ந்தார். பார்வதி பின்னால் இடப்பக்கம், மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு. மழை இல்லை, மூட்டம் இல்லை. நானுஓயாவைத் தாண்டி இறங்கும்போது கருகல் வாடை வந்ததாகக் கணேசன் பிறகு சொன்னார். அடுத்த வளைவுக்கு முன்னால் மாணிக்கண்ணன் மிதித்த பிரேக் தரைவரைக்கும் போய்விட்டது. கை பிரேக்கை இழுத்தார். அதுவும் பிடிக்கவில்லை. வலப்பக்கம் பள்ளம். அவர் காரை இடப்பக்க மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார். அவரால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. பின்பக்கம் சுழன்று மதகுச் சுவரில் அடித்தது. கணேசனுக்குக் கை முறிந்தது. மாணிக்கண்ணனுக்கு இரண்டு விலா எலும்பு. பார்வதி அந்த இடத்திலேயே இறந்தார்.

ஏற்றத்தில் பார்வதியைக் காப்பாற்றிய அதே கார்தான் இறக்கத்தில் அவரைக் கொன்றது. இப்படி என்ஜின் மாற்றுவது பிரயோசனமா என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பிரேக் வேலை முடியாத வண்டியை வெளியே விட்டது யார் என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாணிக்கண்ணன் பேசினார். பிரேக் மாட்டும்வரை எடுக்கக் கூடாது என்று மெக்கானிக் சொல்லியிருந்தார், அவர் இல்லாத நேரத்தில் ஆணியில் தொங்கிய சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டதாக வாக்குமூலம் கொடுத்தார். விலாவில் கட்டோடு, மூச்சு இழுத்து இழுத்துச் சொன்னார். சார்ஜன்ட் என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார்.

“ஒவ்” என்றேன். ஆமாம் என்பதற்குச் சிங்களத்தில் அவ்வளவுதான் சொல்.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ரெண்டு பேரும் உள்ள போயி என்னா ஆகப்போகுது? இந்தப் பக்கத்து வண்டிக்கெல்லாம் நீதான் பிரேக் பாக்குற. நீ இரு.” பிறகு, “எறங்குறப்ப அது புடிக்காதுன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவருடைய லைசன்ஸ் போயிற்று. சிறைத் தண்டனையை ஒத்திவைத்தார்கள். அதன் பிறகு மரக்கறித் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போனார். தினமும் காலையும் மாலையும் கணேசன் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளைத் தாண்டித்தான் அவர் போய்வர வேண்டும். வேறு பாதை இல்லை. ஒரு வருஷம் வரைக்கும் அவரைக் கண்டால் கணேசன் கதவைச் சாத்திக்கொள்வார் என்று சுகந்தி சொல்வாள். அப்போதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனதில்லை. சாதாரண நடையில்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜுக்கு வருவார். ஒரு தடவை ஹட்டனிலிருந்து வங்கியில் வேலை செய்யும் ஒருவர் வந்து, தன் காருக்கு டர்போ என்ஜின் வேண்டும் என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த மாணிக்கண்ணன், “ஏன் முடியாதுங்குற? செய்யலாம்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அந்த மனிதரிடம் நிதானமாகச் சொன்னார்: “மொதல்ல பிரேக்க மாத்துங்க. அப்புறம் ரேடியேட்டர், கியர்பெட்டி. அப்புறம் புத்தகத்துல எழுதுங்க, இன்சூரன்ஸ்ல சொல்லுங்க. எல்லாம் முடிஞ்சு கடைசியா என்ஜினப் போடுங்க. அதுக்குள்ள நீங்க இதவிட நல்ல வண்டியா ஒண்ணு வாங்கியிருப்பீங்க.” வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மாணிக்கண்ணன் சிரிக்கவில்லை.

மரண வீட்டில் கணேசனைப் பார்த்தேன். பந்தலின் ஓரத்தில், முறிந்து சேர்ந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஏழு வருஷத்தில் அவரிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

“கணேசன், சாவியக் குடுத்தது நான்தான். அவரா எடுக்கல” என்றேன்.

“தெரியும்” என்றார்.

“யார் சொன்னாங்க?”

“அவருதான். ஒரு வருஷங்கழிச்சு வீட்டுக்கு வந்தாரு. நான் கதவத் தெறந்தேன். பொலிஸுக்குப் பொய் சொன்னேன், ஒனக்குப் பொய் சொல்ல மாட்டேன்னாரு. எல்லாத்தையும் சொன்னாரு.” பிறகு, “ஒருத்தர்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு. நானும் சொல்லல. நீங்களா வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அந்த ஆறு வருஷத்தில் கணேசன் எத்தனை தடவை என் கராஜைத் தாண்டிப் போயிருப்பார். சில நாள் நான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன்.

இதை எழுதி முதலில் சுகந்தியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்பா மறைச்சத நீங்க சொல்றீங்க. சொல்லுங்க மாமா, அப்படியே போடுவோம்” என்றாள். பொலிஸிலும் சொல்லப் போகிறேன். அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

மாணிக்கண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய். இத்தனை வருஷம் அதற்குள் பத்திரமாக உட்கார்ந்து நான் வண்டி திருத்தினேன். மறைக்க இனி அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அது என்னை விட்டுப் போகாது.

நேற்றுக் கணேசன் வீட்டுக்குப் போய் இவ்வளவையும் வாசித்துக் காட்டினேன். குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும், “எல்லாம் சரிதான். பார்வதிக்கு என்னா வயசுன்னு எழுதலியே” என்றார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். பார்வதிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.