தமிழ் வேண்டாம் என்று சொன்னவள்

விஜயநகரில் எங்கள் லேஅவுட் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் புதிதாக ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீருக்காகக் கன்னடக்காரர்களும் தமிழர்களும் முறைத்துக்கொண்ட நாட்களில், சமாதானம் பேசப் போய் உயிர்விட்ட மூன்று பேருக்கான நினைவுச் சின்னம். நீலமும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் தலைகாட்டவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூவரில் ஒருவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். கன்னடக்காரர். ஹெப்பாளில் கம்பெனி பஸ் ஓட்டினார். தமிழ்க் கூலியாட்கள் தங்கியிருந்த கொட்டகைக்கு ஒரு கூட்டம் போகிறது என்று கேள்விப்பட்டு, பேசித் திருப்பி அனுப்பப் போனார். யார் வீசிய கல்லோ, தலையில் பட்டது. அதோடு சரி.

ஜன்னலில் என்ன எழுதுவது என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, அவர் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கன்னடத்தோடு தமிழிலும் ஒரு வரி இருக்கட்டும், யாருக்காகப் போனாரோ அவர்களும் படிக்க வேண்டாமா என்றார். கமிட்டிக்காரர்கள் மறுக்கவில்லை. தமிழ் வீடுகளில் கேட்டுச் சொல்லுங்கள் என்று பொறுப்பை என்னிடம் விட்டார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தெருவையே கூட்டுகிற வாய்க்காரி நான். சரியான ஆள் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

நான் ஒரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டேன். நமக்கெதுக்கு வம்பு என்றார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. யாருக்கும் தமிழ் வேண்டாமாம் என்று மறுநாளே போய்ச் சொல்லிவிட்டேன், அதுவும் கன்னடத்தில். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு எவனாவது கண்ணாடியை உடைத்தால் என்ன செய்வது என்று பெரிய அக்கறைக்காரி மாதிரி வேறு பேசினேன். சே!

திறப்பு விழாவில் அந்த எதிர்வீட்டம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். என்னோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். ஏன் அக்கா தமிழ் எழுதவில்லை என்று மெதுவாகத் தமிழில்தான் கேட்டார். சுற்றிலும் ஆட்கள். இடம் போதவில்லையாம் என்று நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். கன்னட வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கென்று விட்டிருந்த நீலக் கண்ணாடி அப்படியே வெறுமையாக இருந்தது. அந்தம்மா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பயமா அக்கா?"

தலையாட்டினேன். அதற்குமேல் பொய் சொல்லத் திராணி இல்லை.

அத்தனை பேர் நடுவில் அந்தம்மா குரலைத் தாழ்த்தவில்லை. தமிழிலேயே சொன்னார்.

"அவருக்கும் பயந்தான் அக்கா. கை நடுங்கி, செருப்பு வார் மாட்ட வரல. வெறுங்காலோட போனாரு."